80 சதவீதம் ரெடின்னு வந்த வால்நட் ஸ்டாக், மீதி 20க்கு எனக்கு எட்டு மாசம்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த ரிவ்யூ இது. பொருள் என்னன்னா, மெஷின்ல முக்கால்வாசி செதுக்கி அனுப்புற வால்நட் ரைபிள் ஸ்டாக், அதாவது துப்பாக்கியோட மரக்கட்டை. .22 போல்ட் ஆக்‌ஷன் டார்கெட் ரைபிளுக்கு வாங்கினது, .22ன்னா குழல் விட்டம் 0.22 இன்ச் இருக்குற சின்னத் தோட்டா ரைபிள். கம்பெனி பேரு வேணும்னேதான் போடல. மரம் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மாதிரி, எனக்கு வந்த குறை உங்களுக்கு வரணும்னு இல்ல, எனக்கு அடிச்ச லக்கும் உங்களுக்கு அடிக்கணும்னு இல்ல. இப்படி அரைகுறையா செதுக்கின கட்டை விக்குறவங்க நெறைய பேரு இருக்காங்க, யார்கிட்ட வாங்கினாலும் நீங்க பாக்க வேண்டியது ஒன்னுதான், அதைத்தான் சொல்லப்போறேன்.

முதல்ல நான் யாருன்னு ரெண்டு வரி, இல்லன்னா இவன் என்ன பெரிய இவனான்னு தோணும். பன்னெண்டு வயசுல மாமா கூட முயல் வேட்டைக்கு போக ஆரம்பிச்சது. முதல் ரெண்டு வருஷம் என் கையில துப்பாக்கியே குடுக்கல அவரு, தண்ணி பாட்டிலும் பையும் தூக்கிட்டு பின்னாடியே நடக்கணும், குழல் எந்தப் பக்கம் பாக்குதுன்னு நடக்குற ஒவ்வொரு அடியும் கவனிக்கணும், மறந்தா அன்னைக்கு வீட்டுக்கு திருப்பி அனுப்பிடுவாரு. அப்புறம் ஏர் ரைபிள், அப்புறம் ஷூட்டிங் கிளப்ல .22, நடுவுல வருஷா வருஷம் வேட்டை, அப்படியே நாப்பது வருஷம் ஓடிப்போச்சு. இப்ப முட்டி ஒத்துழைக்கல, மலை ஏற முடியல, அதனால பேப்பர் டார்கெட்தான் சுடுறேன். பேப்பர் ஓடாது, அதை தூக்கிட்டு மூணு மைல் நடக்கவும் வேணாம். ரைபிள் கட்டுறதுன்னு நான் சொல்றது மரவேலை மட்டும். பேரல், ஆக்‌ஷன், ட்ரிகர், அதாவது குழல், தோட்டாவை ஏத்தி பூட்டுற இரும்பு பாகம், விசை, இதையெல்லாம் லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித், அதான் துப்பாக்கி மெக்கானிக் கிட்ட குடுத்துடுவேன், நீங்களும் உங்க ஊர் சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு அப்படியே பண்ணுங்க.

இந்தக் கட்டை வாங்கவேண்டி வந்த கதை சின்னது. என் பழைய டார்கெட் ரைபிளோட ஸ்டாக் பிடி பக்கத்துல விரிசல் விட்டுருச்சு. விரிசல் கூட பரவால்ல, பசை போட்டு ஒட்டிரலாம். பெரிய தலைவலி என்னன்னா மழை வந்தா ஒரு இடத்துல சுடுது, வெயில் வந்தா வேற இடத்துல சுடுது. ஒரு வருஷம் பூரா ஸ்கோப்பை, அதான் குறி பாக்குற தொலைநோக்கியை சந்தேகப்பட்டேன், தோட்டா லாட்டை, அதாவது ஒரே தடவையில தயாரிச்ச தோட்டாத் தொகுதியை சந்தேகப்பட்டேன், கடைசியா என் கண்ணையே சந்தேகப்பட்டு கண்ணாடி மாத்தினேன். அப்புறம் ஒருநாள் கிளப்ல ஒரு பெரியவர் வந்து ஒரு துண்டு பேப்பரை பேரலுக்கும் அதுக்கு அடியில வர்ற முன்கட்டைக்கும் நடுவுல விட்டு இழுத்தாரு, பாதியிலயே சிக்கிச்சு. "தம்பி, கட்டை உன் பேரலை கிள்ளுது"ன்னாரு. அவ்வளவுதான். ஈரம் ஏறினா மரம் ஊதி வளையுது, வளைஞ்சு பேரல்ல ஒரு பக்கமா இடிக்குது, சுடும்போது பேரல் அதிர்றதுக்கு ஒரு பக்கம் இடம் இருக்கு இன்னொரு பக்கம் இல்ல, தோட்டா தன் இஷ்டத்துக்கு போகுது. கண்ணாடிக்கு செலவு பண்ண காசு போச்சு.

சரி, கட்டைக்கு வருவோம். விளம்பரத்துல "80 சதவீதம் முடிஞ்சது, கொஞ்சம் தேய்ச்சு ஆயில் போட்டா போதும்"னு இருந்துச்சு. இந்த வாக்கியத்தை நம்பாதீங்க. எந்தக் கம்பெனி சொன்னாலும் நம்பாதீங்க. மெஷின் எடுக்குற 80 சதவீதம் மரத்தோட அளவுல, வேலையோட அளவுல இல்ல.

பேக்கிங் பிரமாதம், அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. கட்டையோட ரெண்டு முனையிலயும் மெழுகு பூசியிருந்தாங்க. மரத்துல ஈரம் ரொம்ப வேகமா உள்ள வெளிய போறது முனை வழியாத்தான், நார் திறந்து கெடக்குற இடம் அது, அங்க மெழுகு இருந்தா கட்டை திடீர்னு காஞ்சு வெடிக்காது. இதை ஒருத்தன் யோசிச்சு பண்ணியிருக்கான்னா அவனுக்கு மரம் தெரியும்னு அர்த்தம். பிரிச்ச உடனே உளியை எடுக்கல. சமையல்கட்டுல இருந்த எடை மெஷினை எடுத்துட்டு வந்து கட்டையை நிறுத்து, எடையை கட்டையிலயே பென்சில்ல எழுதி, ரைபிள் இருக்குற அதே ரூம்ல ஒரு மூலையில சாத்தி வெச்சேன். முதல் நாள் 1346 கிராம். ஒரு வாரம் கழிச்சு 1342. மூணாவது வாரம் 1341, அதுக்கு மேல அசையல. நல்லா காஞ்ச மரம். இதுவே நாப்பது அம்பது கிராம் எறங்கியிருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன், ஏன்னா செதுக்கி முடிச்ச அப்புறம் காயுற மரம் நீங்க செதுக்கின வடிவத்துல நிக்காது. எடை மெஷின் எங்கன்னு வீட்டுல தேடினதெல்லாம் தனிக்கதை.

அடுத்து நார் ஓட்டம். ஸ்பிரிட்ல துணியை நனைச்சு கட்டை மேல ஒரு தடவை துடைச்சீங்கன்னா ஆயில் போட்டா எப்படி தெரியுமோ அப்படி அரை நிமிஷம் தெரியும், அந்த அரை நிமிஷத்துல பாத்துக்கணும். பிடி பக்கம்தான் ஸ்டாக்குலயே ஒல்லியான இடம், அங்க நார் நீளவாக்குல பின்னாடி வரைக்கும் ஓடணும். குறுக்க வெட்டிட்டு வெளிய போச்சுன்னா ஒருநாள் ரைபிள் கீழ விழுந்தா சரியா அந்த கோட்டுலயே ஒடியும், என் பழைய கட்டை விரிசல் விட்டதும் அப்படித்தான். இந்தப் புதுக் கட்டையில பிடியில நார் நேர் கோடு மாதிரி, பின்பக்கம் போக போக அலை அலையா புகை மாதிரி கோலம். இப்படித்தான் இருக்கணும், கோலம் எல்லாம் பின்னாடி, பலம் எல்லாம் பிடியில. ஃபோட்டோல கோலத்தை மட்டும் காட்டி விப்பாங்க, நீங்க பிடியோட ஃபோட்டோவை தனியா கேளுங்க. மரம் ஜூக்ளன்ஸ் ரெஜியா, அதாவது நாம அக்ரூட் பருப்பு சாப்பிடுற அதே மரம். அமெரிக்கால விளையுற கருப்பு வால்நட் வேற இனம், அதுவும் துப்பாக்கிக்கு நல்ல மரம்தான், ஆனா இதுல நுண்துளை சின்னதா இருக்கும், உளி வெண்ணெய்ல போற மாதிரி போகும்.

மரத்துக்கு பத்துக்கு ஒம்பது குடுக்குறேன். இப்ப மெஷின் வேலைக்கு வர்றேன்.

ஆக்‌ஷன் உக்காருற குழியை ஸ்கேல் வெச்சு அளந்தேன், அகலம் சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஆக்‌ஷனை மெதுவா உள்ள விட்டுப் பாத்தா பேரல் முன்கட்டையில நடுவுல உக்காரல, இடது பக்கம் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கு கம்மி, வலது பக்கம் ரெண்டுக்கு மேல. முதல்ல பேரல் காடியைத்தான், அதாவது பேரல் படுக்குற பள்ளத்தைத்தான் கோணலா வெட்டிட்டாங்கன்னு நெனச்சேன். நூல் கட்டி பாத்தா காடி நேரா இருக்கு. ஆக்‌ஷனோட வால் உக்காருற பின்குழிதான் முக்கால் மில்லிமீட்டர் தள்ளி வெட்டியிருக்காங்க. பின்னாடி முக்கால் மில்லிமீட்டர் தள்ளினா ஆக்‌ஷன் நீளம் எவ்வளவு, பேரல் நீளம் எவ்வளவுன்னு யோசிச்சுப் பாருங்க, முன்னாடி வரும்போது அது பெருசா ஆகித்தான் தெரியும். மெஷின்ல ரெண்டு தடவை கட்டையை பூட்டி வெட்டுவாங்க போல, ரெண்டாவது தடவை பூட்டும்போது கொஞ்சம் நகந்திருக்கும், அப்படித்தான் எனக்கு தோணுது.

கம்பெனிக்கு ஃபோட்டோவோட மெயில் போட்டேன். பதில் இல்ல. மறுபடி போட்டேன். பத்து நாள் கழிச்சு "மரம் இயற்கைப் பொருள், சின்ன வித்தியாசங்கள் வரும்"னு ஒரு வரி வந்துச்சு. யோவ், மரம் இயற்கைதான்யா, குழி வெட்டினது மெஷின்தானே. அதுக்கு பதிலே இல்ல. சர்வீஸுக்கு பத்துக்கு ரெண்டு, அந்த ரெண்டும் பேக்கிங் பண்ண ஆளுக்கு.

திருப்பி அனுப்பலாமான்னு ஒரு நாள் பூரா யோசிச்சேன். மரத்தைப் பாத்தா மனசு வரல. சரி கையாலயே உக்கார வெச்சிரலாம்னு எறங்கினேன், அங்கதான் எட்டு மாசம் போச்சு.

இந்த வேலை தெரியாதவங்களுக்கு சொல்றேன், கேட்டா எளிமையாத்தான் இருக்கும். ஒரு மண்ணெண்ணெய் விளக்கை திரியை ஏத்தி புகைய விட்டு, அந்தக் கரியை இரும்பு பாகத்தோட அடியில பூசணும். பழைய இங்கிலாந்து துப்பாக்கி ஆசாரிங்க இப்படித்தான் பண்ணாங்க, இப்பவும் கையால பண்றவங்க இதேதான். கரி பூசின ஆக்‌ஷனை குழியில நேரா எறக்கி, ரப்பர் சுத்தியால ஒரே ஒரு தட்டு தட்டி, நேரா தூக்கணும். மரத்துல எங்க கரி ஒட்டுதோ அங்க மட்டும்தான் இடிக்குதுன்னு அர்த்தம். அந்தக் கருப்பை மட்டும் சுரண்டணும், பக்கத்துல தொடக்கூடாது. ஒரு தடவை சுரண்டினா எடுக்குறது காகிதத்துல பாதி கனம். மறுபடி கரி, மறுபடி எறக்கு, மறுபடி தட்டு, மறுபடி தூக்கு. முதல் நாள் குழியில மூணே மூணு புள்ளி கருப்பா இருந்துச்சு, ரெண்டு வாரத்துல அது முப்பது புள்ளி ஆச்சு, கடைசியில குழி பூரா அழுக்கு படிஞ்ச மாதிரி சாம்பல் கலர்ல சமமா வந்துச்சு. அந்த சாம்பல் கலரைப் பாக்குறதுக்குத்தான் இவ்வளவும். கையெல்லாம் கரி, கதவு கைப்பிடி எல்லாம் கரி, ஃப்ரிட்ஜ்ல என் அஞ்சு விரல் அச்சு.

இதுல ஒரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. கரி இடிச்சு ஒட்டினதும், சும்மா இழுபட்டு ஒட்டினதும் ரெண்டும் வேற வேற. நேரா இடிச்ச இடத்துல கருப்பு கெட்டியா, ஓரம் கூர்மையா இருக்கும். ஆக்‌ஷனை தூக்கும்போது கொஞ்சம் சாஞ்சிருச்சுன்னா குழியோட சுவத்துல கருப்பு இழுவிட்டு போகும், வால் விட்ட மாதிரி. அந்த இழுவலையும் இடிப்புன்னு நெனச்சு சுரண்டினீங்கன்னா குழி லூசாயிரும். நான் முதல் வாரம் அதைத்தான் பண்ணேன். இடது சுவத்துல ஒரு இடத்துல அரை மில்லிமீட்டர் அதிகமா போச்சு, அப்புறம் எபாக்ஸிதான், அதாவது ஊத்தினா கல்லு மாதிரி இறுகுற பசைதான் காப்பாத்துச்சு.

எபாக்ஸி பெட்டிங், அதாவது இரும்பு அசையாம உக்கார எபாக்ஸில மெத்தை மாதிரி போடுறது, அதைப் பத்தி சொல்லணும்னா, கையால எவ்வளவு நுணுக்கமா உக்கார வெச்சாலும் மரம் மரம்தான், ஸ்க்ரூ முடுக்க முடுக்க அமுங்கும். அதனால ரெண்டு ஆக்‌ஷன் ஸ்க்ரூ போற ஓட்டையையும் பெருசாக்கி அலுமினியக் குழாய் துண்டு ரெண்டு சொருகி, அதைச் சுத்தி எபாக்ஸி ஊத்தி, ஆக்‌ஷன் அடியிலயும் ஒரு படலம் போட்டா, ஸ்க்ரூ அலுமினியத்தைத்தான் நெருக்கும், மரத்தை இல்ல. இரும்புல எபாக்ஸி ஒட்டாம இருக்க மெழுகு பூசணும், ஆக்‌ஷன்ல இருக்குற ஓட்டை, பள்ளம், இண்டு இடுக்கு எல்லாத்தையும் சின்னப் பசங்க வெளையாடுற களிமண் வெச்சு அடைக்கணும். அடைக்கலன்னா எபாக்ஸி அந்தப் பள்ளத்துல போய் இறுகி பூட்டு மாதிரி பூட்டிக்கும், அப்புறம் மெழுகு என்ன பண்ணியும் பிரயோஜனம் இல்ல.

இதெல்லாம் தெரிஞ்ச ஆளு நானு. இருபது வருஷமா பண்றேன். எல்லாத்தையும் அடைச்சேன், பக்கவாட்டுல ஒரு சின்ன பின் ஓட்டையைத் தவிர. மறுநாள் காலைல ஸ்க்ரூ ரெண்டையும் கழட்டிட்டு தூக்குறேன், வரல. ரப்பர் சுத்தியால தட்டுறேன், வரல. ரெண்டு கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு, ஆறு மாச வேலை. பெட்டி மாதிரி பெரிய ஃப்ரீசர் இருக்குறவங்க ரைபிளோட உள்ள வெச்சு குளிர வெச்சு தட்டி எடுப்பாங்க, என்கிட்ட அது இல்ல. வீட்டம்மாவோட ஹேர் ட்ரையரை எடுத்து இரும்பு பக்கத்தை மட்டும் சூடாக்கினேன், எபாக்ஸி சூட்டுல கொஞ்சம் எளகும். இருபது நிமிஷம். நடுவுல அவங்க வந்து எட்டிப் பாத்து, "அதுக்கு ஒன்னும் தலைமுடி இருக்குற மாதிரி தெரியலையே"ன்னுட்டு போயிட்டாங்க. அப்புறம் ஒரு தட்டுல டப்புன்னு ஒரு சத்தம், எனக்கு கட்டை ஒடிஞ்ச மாதிரியே கேட்டுச்சு, ஆனா பின் ஓட்டைக்குள்ள போன எபாக்ஸி குச்சிதான் முறிஞ்சிருக்கு. மத்த இடமெல்லாம் கண்ணாடி மாதிரி. இது கட்டையோட குறை இல்ல, என்னோட குறை, ஆனாலும் "கொஞ்சம் தேய்ச்சா போதும்"னு எழுதினவனை அன்னைக்கு நெறைய திட்டினேன்.

சரியா உக்காந்துச்சான்னு பாக்க ஒரு எளிய சோதனை இருக்கு, காசு செலவு இல்ல. ரெண்டு ஸ்க்ரூவும் முடுக்கி, ரைபிளை செங்குத்தா நிறுத்தி, பேரலும் முன்கட்டை முனையும் சேருற இடத்துல விரல் வெச்சுக்கிட்டு, முன் ஸ்க்ரூவை மட்டும் முடுக்கவும் தளத்தவும் செய்யணும். விரல்ல அசைவு தெரிஞ்சா ஆக்‌ஷன் வளைஞ்சுதான் உக்காந்திருக்கு. என் பழைய கட்டையில விரல்ல நல்லாவே தெரிஞ்சுச்சு. இதுல டயல் கேஜ், அதான் நுண்ணிய அசைவை முள்ளுல காட்டுற கருவி வெச்சுப் பாத்தும் முள்ளு லேசா மூச்சு விட்ட மாதிரி அசைஞ்சுது, அவ்வளவுதான். ஸ்க்ரூவை முடுக்க டார்க் டிரைவர்தான், அதாவது இவ்வளவு முடுக்கம்னு அளவு வெச்சு முடுக்குற கருவிதான் வெச்சிருக்கேன், எனக்கு நல்லா வந்தது 35 இன்ச் பவுண்டு, அதாவது சுமார் 4 நியூட்டன் மீட்டர். உங்க ரைபிளுக்கு வேறயா இருக்கலாம். கை அளவுக்கு முடுக்குறேன்னு சொல்றவங்க கை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அளவுங்கிறதை மறந்துடுறாங்க.

பேரல் காடியையும் பெருசாக்கினேன், சுத்தி ஒன்னரை மில்லிமீட்டர் இடைவெளி. பாக்க அழகா இல்லன்னு சொல்றவங்க சொல்லட்டும். ஈரத்துல ஊதினாலும் தொடாது.

வடிவம் பத்தி. கட்டை வரும்போது ட்ரிகர்ல இருந்து பின்முனை வரைக்கும் 36 செமீக்கு மேல விட்டிருந்தாங்க, இது நல்ல விஷயம், வெட்டிக்கலாம், ஒட்ட முடியாது. பொதுவா 34 செமீ பக்கம், அதாவது பதிமூன்றரை இன்ச்தான் கடைல கெடைக்குற ரைபிளுக்கெல்லாம் இருக்கும். நான் ஷூட்டிங் ஜாக்கெட் போட்டுக்கிட்டு அளந்தேன், சட்டையோட அளந்தா ஒரு செமீக்கு மேல தப்பா வரும், ஜாக்கெட் அவ்வளவு தடிமன். ரப்பர் பேடையும் சேத்து 33.5ல நிறுத்தினேன். வேட்டைக்குன்னா இன்னும் கொஞ்சம் கம்மி வெச்சாலும் தப்பில்ல, தோளுக்கு டக்குனு வரணும், துணியில சிக்கக்கூடாது. டார்கெட்டுக்கு அந்த அவசரம் கெடையாது.

கன்னம் வைக்குற மேடுதான் எனக்கு இந்தக் கட்டையில ரெண்டாவது பெரிய குறை. இதோட டிசைன் பழைய இரும்பு சைட்டுக்காக, அதாவது பேரல் மேல குறி பாக்க வெச்சிருக்குற இரும்பு முனைக்காக போட்டது போல, மேடு தாழ்வா இருக்கு. ஸ்கோப் வெச்சா கண்ணு ரெண்டு செமீ மேல போகணும், அப்ப கன்னம் மரத்துல படாது, தாடைதான் படும், ஒவ்வொரு தடவையும் தலை வேற வேற இடத்துல உக்காரும். நாப்பது வருஷ அனுபவத்துல ஒன்னு அடிச்சு சொல்றேன், சுமாரான பேரலை நல்ல கட்டையில வெச்சா நீங்க ஒழுங்கா சுடுவீங்க, நல்ல பேரலை உங்களுக்கு பொருந்தாத கட்டையில வெச்சா பேரலைத் திட்டிக்கிட்டே இருப்பீங்க. வேட்டையில இருந்த வருஷமெல்லாம் இதை நான் யோசிச்சதே இல்ல, ஏன்னா அங்க ஒரு நாளைக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை சுடுறோம், தப்பினா முயல் வேகமா ஓடிருச்சுன்னு சொல்லிக்கலாம். பேப்பர் அந்த மாதிரி சாக்கு எதுவும் குடுக்காது. மேட்டை அறுத்து எடுத்து, அடியில ரெண்டு கம்பி வெச்சு ஏத்தி இறக்குற மாதிரி பண்ணிட்டேன். விளம்பரத்துல "ஸ்கோப்புக்கும் ஏற்றது"ன்னு போட்டிருந்தாங்க, அது பொய்.

தேய்ப்பு, ஆயில் எல்லாம் சுருக்கமா. உப்புத்தாள் 120ல ஆரம்பிச்சு 400 வரைக்கும். நடுநடுவுல ஈரத்துணியால துடைச்சா நார் முள்ளு முள்ளா எழும்பும், காஞ்சதும் அதை மட்டும் தேய்க்கணும், மூணு தடவை பண்ணா அப்புறம் எழும்பாது. கொதிக்க வெச்ச ஆளிவிதை எண்ணெய், விரல்லயே, ஒவ்வொரு நாளும் ஒரு மெல்லிசு கோட், பதினாலு கோட் போட்டேன். தடிமனா போட்டா பிசுபிசுன்னு காயவே காயாது. முக்கியமா ஒன்னு, அந்த எண்ணெய் துடைச்ச துணியை கசக்கி குப்பைக்கூடையில போட்டுடாதீங்க. ஆளிவிதை எண்ணெய் காத்துல காயும்போது சூடாகும், கசங்கின துணிக்குள்ள அந்த சூடு வெளிய போக வழியில்லாம தானாவே தீப்பிடிக்கும், நிஜமா பிடிக்கும். விரிச்சு வெளிய காயப்போடுங்க, இல்லன்னா தண்ணில முக்கி வைங்க.

இப்ப எல்லாரும் கேக்குற கேள்வி, சுட்டுப் பாத்தியா. பாத்தேன். 50 மீட்டர், படுத்து, ஒரே லாட் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி .22 லாங் ரைபிள், 40 கிரெய்ன் எடை தோட்டா, அஞ்சஞ்சா சுட்டு அந்த ஓட்டைங்க பரவின அகலத்தை அளந்தேன், இதைத்தான் க்ரூப்னு சொல்றது. பழைய கட்டையில சராசரி 30 மிமீ பக்கம், மோசமான நாள்ல 40ஐ தாண்டும். புதுக் கட்டையில முதல் நாள் இருபது க்ரூப் சுட்டதுல பெரும்பாலும் 14ல இருந்து 17 மிமீ. ஒன்னு 11 வந்துச்சு, அதை மட்டும் காட்டிக்கிட்டு திரியுற ஆளு நான் இல்ல, ஆனா பர்ஸ்ல வெச்சிருக்கேன். 50 மீட்டர் டார்கெட்ல பத்தாவது வளையம் 10.4 மிமீதான், தோட்டாவே 5.6 மிமீ, அதனால இதுக்கு மேல கட்டை பண்றதுக்கு ஒன்னும் இல்ல, மீதி நானும் காத்தும். காத்துன்னதும் ஞாபகம் வருது, மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காத்து அடிச்சா இந்தத் தோட்டா ரெண்டு செமீக்கு மேல தள்ளிப்போகும், அதனால முதல் நாள் க்ரூப் பெருசா வந்தா உடனே கட்டையை திட்டாதீங்க, காத்து காட்டுற கொடியைப் பாருங்க. தோட்டா பிராண்டு மாத்தினாலும் முதல் பத்து பதினஞ்சு ஷாட்டை கணக்குல எடுக்காதீங்க, பேரல்ல பழைய மெழுகு போய் புது மெழுகு படியணும்.

எனக்கு க்ரூப் சின்னதானதை விட சந்தோஷம் என்னன்னா, நடுவுல ரெண்டு வாரம் விடாம மழை பெஞ்சுச்சு, அது முடிஞ்சதும் போய் சுட்டேன், ஸ்கோப்புல ஒரு கிளிக் கூட திருப்பல, அதே இடம். பேப்பர் துண்டை எடுத்து பேரல் அடியில விட்டேன், இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் வழுக்கிட்டு போச்சு. பெரியவரைக் கூப்பிட்டு காட்டினேன். அவரு பேப்பரைப் பாக்கல, பிடியோட நாரைத்தான் தடவிப் பாத்தாரு.

யாரு வாங்கலாம்? உளி பிடிச்சு பழக்கம் இருக்கு, அவசரம் இல்ல, சாயங்காலம் ஒரு மணி நேரம் கரியோட உக்காந்தா நிம்மதியா இருக்குன்னா வாங்குங்க, மரம் காசுக்கு தகுந்தது. அடுத்த மாசம் மேட்ச் இருக்கு, இப்பவே கட்டை மாத்தணும்னா வேணவே வேணாம், மெல்லிசு மெல்லிசா பிர்ச் மரத் தகடு ஒட்டி செய்யுற லேமினேட் ஸ்டாக் வாங்கிடுங்க, வளையாது, எடை கொஞ்சம் கூட, டார்கெட்டுக்கு எடை கூட இருந்தா நல்லதுதான். தினமும் மழையில சேத்துல வேட்டைக்கு போறவங்களுக்கு ஃபைபர் ஸ்டாக்தான் சரி, அதுல அழகும் இல்ல, கவலையும் இல்ல. எடது கைக்காரங்க ஆர்டர் பண்றதுக்கு முன்ன நல்லா கேட்டுக்கோங்க, கிளப்ல ஒருத்தருக்கு எடது கைன்னு சொல்லியும் வலது கைக்கானதே வந்து சேந்துச்சு, அது வேற கம்பெனி. வந்ததும் முதல் வேலையா ஆக்‌ஷனை குழியில வெச்சு பேரல் நடுவுல உக்காருதான்னு பாருங்க, உளி வெக்கிறதுக்கு முன்ன பாருங்க, ஒரு சீவல் எடுத்துட்டா திருப்பி வாங்க மாட்டாங்க.

மொத்தமா மரத்துக்கு 9, மெஷின் வேலைக்கு 4, சர்வீஸுக்கு 2, விளம்பரத்துல எழுதின ஆளுக்கு சைபர். மறுபடி வாங்குவேனான்னா, அதே கம்பெனியில வெறும் மரமா குடுத்தா வாங்குவேன், குழியை நானே வெட்டிக்குறேன்.

பிடியில செக்கரிங், அதான் அந்த வைரம் வைரமா கோடு போடுறது, இன்னும் பண்ணல. ஒரு இன்ச்சுக்கு இருபது கோடு வரணும், ஒரு கோடு ஓடிப்போனா மறைக்க வழியே இல்ல. அறுத்து எடுத்த பின்முனைத் துண்டு ஒன்னு கெடக்குது, ரெண்டு மாசமா அதுல பழகிட்டு இருக்கேன். நேத்து வரைக்கும் பதினேழாவது கோட்டுலயே ஓடிப்போகுது.